அப்பாவின் முகத்தில் தெரியாததை எங்கே தேடுவது

பார்க்கின்சன் நோய் என்றாலே எல்லோருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். அப்பாவுக்கும் வலது கைக் கட்டைவிரலில்தான் தொடங்கியது. நடுக்கத்துக்கு என்ன செய்யலாம், நடைக்கு என்ன பயிற்சி என்று நரம்பியல் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். முகத்தைப் பற்றி மட்டும் யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டு மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை முகத்தால் வந்தவைதான். கை நடுங்கினால் பார்ப்பவர்கள் "பாவம், முடியலை" என்கிறார்கள். முகம் அசையாவிட்டால் "என்ன திமிர்" என்கிறார்கள்.

நோய் செய்யும் வேலை இது. நடுமூளையில் டோபமைன் என்ற, அசைவுக்கு வேண்டிய வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகள் மங்கிப்போகின்றன. நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, பேச்சுக்கு நடுவே புருவம் தூக்குவது, தெரிந்தவரைக் கண்டதும் தானாக மலர்கிற சிரிப்பு எல்லாம் அந்த வகை. "சிரிங்க" என்று கேட்டால் ஓரளவு சிரிக்க முடியும். கேட்காமல் வருகிற சிரிப்புதான் வராது. குரலும் மெலிந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும். மருத்துவர்கள் இதை முகமூடி முகம் என்கிறார்கள்.

அப்பா திண்டுக்கல் - தேனி வழித்தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நிரம்பி வழிகிற பேருந்தை அவர் பாதி குரலாலும் பாதி முகத்தாலும்தான் சமாளித்தார். சில்லறை தராதவருக்கு ஒரு பார்வை, படிக்கட்டில் தொங்கும் கல்லூரிப் பையன்களுக்கு வேறொரு பார்வை. அவருக்கு இப்படி ஆனதுதான் சொந்தக்காரர்களுக்கு நம்ப முடியாமல் போனது.

தம்பி மகன் காதுகுத்துக்கு அத்தை பழநியிலிருந்து வந்திருந்தார். அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று அத்தை கேட்டார். அப்பா பார்த்தார். அவருக்குப் பதில் கிளம்ப நேரமாகும். அதற்குள் அத்தை உள்ளே போய்விட்டார். நம்மூரில் விருந்தாளி முதலில் பார்ப்பது வீட்டுக்காரர் முகத்தைத்தான். அத்தை கைகூட நனைக்காமல் கிளம்பிவிட்டார். "வான்னு ஒரு வார்த்தை இல்லை. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் என்ன கடன் கேட்டா வந்தேன்?" என்று போகிற வழியில் தம்பியிடம் சொன்னாராம். அன்று ராத்திரி அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி சாப்பிட்டுச்சா?"

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பி.எட். படிக்கும்போது உளவியல் தாளுக்காக உணர்ச்சிக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் சொன்னது: வருத்தம் வருவதால் நாம் அழுவதில்லை, அழுவதால்தான் வருத்தப்படுகிறோம். முதலில் உடம்பு மாறுகிறது, அந்த மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சி. டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கே அடுத்த ஆண்டே ஏறக்குறைய இதையே சொன்னார். 1927இல் உடலியலாளர் வால்டர் கேனன் மறுத்தார்: உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் பாதையைத் துண்டித்த பிறகும் விலங்குகள் சீறத்தானே செய்கின்றன என்று கேட்டார். அன்று எனக்கு இது ஐந்து மதிப்பெண் கேள்வி. அப்பாவின் முகம் இறுகிய பிறகு, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி ஆகிவிட்டது. ஜேம்ஸ் முழுக்கச் சரி என்றால், முகம் அசையாத மனிதருக்கு உள்ளேயும் வற்றிப்போயிருக்க வேண்டுமே!

கொஞ்சம் தேடிப் படித்தேன். 1988இல் ஜெர்மன் உளவியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக் குழுவினர், பேனாவைப் பல்லால் கடித்துக்கொண்டு கேலிச்சித்திரம் பார்த்தவர்களுக்கு அது கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்தது என்று எழுதினார்கள். பல்லால் கடித்தால் முகம் சிரிக்கும் வாட்டத்துக்கு வந்துவிடும், அதுதான் கணக்கு. 2016இல் 17 ஆய்வகங்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பிறகு 19 நாடுகளில் 3,878 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வு, பேனா விஷயத்தில் தெளிவான முடிவு இல்லை, ஆனால் சிரிப்பது போல முகத்தை வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் மகிழ்ச்சி சற்றே கூடுகிறது என்றது. ஆக, முகத்துக்கும் மனத்துக்கும் இடையே ஒரு நூல் இருக்கிறது, மெல்லிய நூல். முகம் நின்றதால் மனம் நின்றுவிடாது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனாலும் ஆய்வை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட அவரையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, "ப்பா, சந்தோஷம், கோபம் எல்லாம் முன்ன மாதிரி உள்ள வருதா, இல்ல அதுவும் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "வருது பாப்பா. படிக்கட்டு வரைக்கும் வந்து நிக்குது. எறங்க மாட்டேங்குது."

எல்லா நோயாளிக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். இந்த நோயில் மனச்சோர்வு நிஜமாகவே வருவது உண்டு. எதிலும் நாட்டமில்லாமல் போவதும் உண்டு. சிக்கல் என்னவென்றால், முகம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். இல்லாத சோர்வை இருப்பதுபோலக் காட்டும், இருக்கிற சோர்வை மறைத்துவிடும். அதனால் வாயால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாட்டில் ருசி தெரிகிறதா, பிடித்த விஷயத்தில் இன்னும் ஆசை இருக்கிறதா, "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். 'ஆம்' என்று வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

மருத்துவமனைகளில் இதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஓரிடத்தில் இளம் மருத்துவர் ஒருவர் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். "பெரியவருக்கு நாம பேசறது புரியுதா?" என்றும் கேட்டார், அவர் காதுபடவே. அப்பாவுக்கு அன்று எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அசையாத முகத்தைப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்கள் நோயாளியின் குணத்தையே தப்பாக எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்காவில் லிண்டா டிக்கிள்-டெக்னன் போன்றவர்கள் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் நான் சொல்வது இதுதான்: "டாக்டர், அப்பாவுக்கு முகத்துல எதுவும் தெரியாது. ஆனா எல்லாம் புரியும். அவர்கிட்டயே கேளுங்க, பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்." இந்த மூன்று வாக்கியம் போதும், அறையில் பேச்சின் திசையே மாறிவிடும்.

சரி, கேட்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் கேட்பது? "என்னப்பா, மனசு சரியில்லையா?" என்றால் நம் அப்பாக்கள் யாராவது "ஆமா" என்பார்களா? "ஒண்ணுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது நான் வகுப்பில் நடத்துகிற பாடமே. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களை அடுக்குகிறது. அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வருவது, வேண்டியதை இழந்ததால் வருவது, முன்பிருந்த நிலை கெட்டு வேறு மாதிரி ஆனதால் வருவது, இல்லாமையால் வருவது. 1960இல் உளவியலாளர் மாக்டா அர்னால்ட், அவருக்குப் பின் ரிச்சர்ட் லாசரஸ் எல்லாம் சொன்ன மதிப்பீட்டுக் கோட்பாடும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது: நமக்கு நேர்ந்ததை நாம் என்னவாக எடுத்துக்கொள்கிறோம் என்பதிலிருந்துதான் உணர்ச்சி பிறக்கிறது.

அதனால் உணர்ச்சியின் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். "யாராவது மரியாதை இல்லாம பேசிட்டாங்களாப்பா?" தலை அசையாது. "ஏதாவது தொலைஞ்சுபோச்சா? யாராவது ஞாபகம் வந்துருச்சா?" இல்லை. "முன்ன செஞ்சது இப்ப செய்ய முடியலைன்னு இருக்கா?" அங்கே வந்ததும் கண் என்னைப் பார்க்கும். ஒருநாள் அப்படித்தான் தெரிந்தது, சட்டைப் பித்தானை அம்மா போட்டுவிடுவது அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று. பித்தானை எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டித் தைத்துத் தரச் சொன்னோம். தெருமுனைத் தையல்காரர் ஒரே சாயந்தரத்தில் முடித்துக் கொடுத்தார். மனசு சரியில்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுசாகாது. நோயாளியின் முகம் நின்றால் பக்கத்தில் இருப்பவரின் முகமும் மெல்ல நின்றுவிடும். "என்ன சமைச்சு வச்சாலும் நல்லா இருக்குன்னு ஒரு முகக்குறி இல்லை. யாருக்குச் சமைக்கிறேன்னே தெரியலை" என்று அம்மா அடுப்படியில் நின்று அழுவார். இது அன்புக் குறைச்சல் இல்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடம் மட்டும் முகத்தை அசைக்காமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரியவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். 2003இல் எமிலி பட்லரும் ஜேம்ஸ் கிராஸும் மற்றவர்களும் செய்த ஆய்வில், அறிமுகமில்லாத இரண்டிரண்டு பெண்களை ஒரு துயரமான படத்தைப் பார்க்கவைத்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருத்தியிடம் மட்டும் உணர்ச்சியை வெளியே காட்டாதே என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். விஷயமே தெரியாத எதிர்ப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் தோளிலிருந்து ஏதோ இறங்கியது எனக்குத் தெரிந்தது. பராமரிப்பவர்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் களைத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது, அது குற்றம் இல்லை.

முகம் எதற்கு இருக்கிறது என்பதிலேயே உளவியலில் பழைய சண்டை உண்டு. 1872இல் டார்வின் எழுதியதிலிருந்து பால் எக்மன் வரை ஒரு வழி: உள்ளே இருப்பது முகத்தில் வெளிப்படும், அதன் அடிப்படைகள் மனிதகுலம் முழுக்க ஒன்று. ஆலன் ஃப்ரிட்லண்ட் வழி வேறு: முகம் உள்ளே இருப்பதைக் கசியவிடும் ஓட்டை இல்லை, எதிரே இருப்பவருக்கு நாம் அனுப்பும் செய்தி. 1979இல் க்ராட், ஜான்ஸ்டன் இருவரும் பந்து உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் பார்த்தது இது. நன்றாக ஆடி முடித்தவர்கள் கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது அவ்வளவாகச் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பும்போதுதான் சிரித்தார்கள். எங்கள் வீட்டை வைத்துச் சொன்னால் என் ஓட்டு ஃப்ரிட்லண்டுக்கு. அப்பாவிடம் குறைந்துபோனது உணர்ச்சி இல்லை, தபால்தான். அப்படிப் பார்த்தால் வேறு வழியில் அனுப்பிக்கொள்ளலாம் அல்லவா?

இங்கேதான் கேத்லீன் போகார்ட் எனக்கு வழிகாட்டியாகக் கிடைத்தார். பிறவியிலேயே முகத்தசை அசையாத மோபியஸ் குறைபாடு உள்ளவர், அதையே ஆராயும் உளவியலாளர். பிறந்ததிலிருந்தே முகம் அசையாதவர்கள் குரலாலும் கையாலும் சொல்லாலும் ஈடுகட்டப் பழகிவிடுகிறார்கள். பாதியில் முகத்தை இழந்தவர்கள் அந்த அளவுக்குச் செய்வதில்லை என்பது அவரும் சகாக்களும் கண்டது. அப்பா இரண்டாம் வகை. அறுபது வயது தாண்டி முகம் நின்றவர். தானாக வராது, உட்கார்ந்து பழகத்தான் வேண்டும்.

அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே தொடங்கினோம். பேருந்தில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டு, இரண்டு தட்டு. சாப்பாடு நன்றாக இருந்தால் இரண்டு. கூட்டமோ பேச்சோ தாங்கவில்லை என்றால் ஒன்று. முதல் வாரம் அவருக்கே மறந்துவிடும், நாங்கள்தான் "ப்பா, விசில்?" என்று நினைவுபடுத்துவோம். ரசம் ஊற்றிய கையோடு அம்மா நின்று பார்ப்பார், டக் டக் என்று கேட்டதும் உள்ளே போவார். உங்கள் வீட்டில் கையசைவாக இருக்கலாம், தொடுதலாக இருக்கலாம். நோயாளி வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து எடுத்ததாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் நான் கண்டது.

அப்புறம் நாங்கள் முகத்துக்குக் கீழே பார்க்கப் பழகினோம். தொலைக்காட்சியில் நகைச்சுவைக் காட்சி ஓடும்போது முகம் அப்படியே இருக்கும், வயிறு குலுங்கும். கோபம் வந்தால் நடுக்கம் கூடும், வலது கால் தரையைத் தேய்க்கும். முதலில் கண்டுபிடித்தது அம்மாதான்.

குரலுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் போனோம். லீ சில்வர்மன் குரல் சிகிச்சை என்று ஒரு முறை இருக்கிறது, வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம். விதி ஒன்றுதான், சத்தமாகப் பேச வேண்டும். இந்த நோயில் தான் மெல்லப் பேசுகிறோம் என்பதே பேசுபவருக்குத் தெரியாது. சரியான சத்தத்தில் பேசினால் கத்துவதுபோல இருக்கும். "நான் என்ன சண்டையா போடறேன்?" என்று அப்பா கேட்பார், எங்களுக்கு அது சாதாரணப் பேச்சாகக் கேட்கும். தினமும் சொல்லும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துப் பழகச் சொன்னார்கள். "வாங்க, உக்காருங்க", "சாப்பிட்டீங்களா?", "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க". பட்டியலில் அப்பா தானாகச் சேர்த்தது நிறுத்தங்களின் பெயர்: செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி. தேனி என்று முடிக்கும்போது குரல் ஏறும், அதோடு புருவமும் கொஞ்சம் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, உணர்ச்சியைச் சொல்லாகவே சொல்வது. நம்மில் யார் "எனக்கு இன்னைக்கு சந்தோஷமா இருக்கு" என்று மனைவியிடம் அறிக்கை விடுகிறோம்? முகம்தான் இத்தனை காலமும் அதைப் பார்த்துக்கொண்டது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளைப் படம் எடுத்துப் பார்த்ததில், கோபம் பயம் தெரிகிற முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்குப் பெயர் சூட்டினாலே அமிக்டலா என்ற, பயம் போன்ற உணர்ச்சிகளில் துடிக்கும் மூளைப் பகுதியின் பரபரப்பு தணிந்தது. சொல்பவருக்கும் அதில் நன்மை இருக்கிறது என்று அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். கூச்சப்பட்டார். ராத்திரி மாத்திரைக்கு முன் ஒரே வாக்கியம் என்று ஒப்புக்கொண்டார். "இன்னைக்கு எரிச்சலா இருந்துச்சு." "பேரன் வந்தது நல்லா இருந்துச்சு." ஒருநாள் அம்மாவைப் பார்த்து, "உன்னைக் கஷ்டப்படுத்துறேன், அது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் அவரிடமிருந்து வந்ததில்லை என்று அம்மா எனக்குப் போன் செய்து சொன்னார். இதற்கு மறுபக்கமும் வேண்டும். நாமும் அவரிடம் சொல்ல வேண்டும், நம் முகத்தையும் அவர் முன்னால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் சிரிப்பு வரவில்லை என்று நம் சிரிப்பை நிறுத்தினால் அவர் பார்ப்பது இன்னொரு முகமூடியை.

பெரியப்பா தவறியபோதுதான் இதெல்லாம் பரீட்சைக்கு வந்தது. சாவு வீட்டில் யார் அழ வேண்டும், எவ்வளவு அழ வேண்டும் என்றெல்லாம் ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எக்மனும் ஃப்ரீசனும் வெளிப்பாட்டு விதிகள் என்று பெயர் கொடுத்தது இதற்குத்தான். கூடப்பிறந்த தம்பி கல்லாக நின்றால் ஊர் பேசும். கிளம்புவதற்கு முன்பே பெரியப்பா மகனுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு முகத்துல அழுகை வராது, நோயால. வர்றவங்ககிட்ட நீயே சொல்லி வை தம்பி" என்றேன். அந்தத் துக்கத்திலும் அவன் சொல்லி வைத்திருந்தான். அப்பாவை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் கையில் ஒரு தட்டு. வெளியே காருக்குக் கூட்டி வந்தேன். பெரியப்பா தன்னை சைக்கிளில் வைத்து வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போய் நடத்துநர் உரிமத்துக்குப் படம் எடுக்கவைத்ததை, மெல்லிய குரலில், விட்டு விட்டு, முழுசாகச் சொன்னார். அப்புறம் இரண்டு தட்டு. திரும்ப உள்ளே போனோம். அத்தையும் அங்கே இருந்தார். அவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார், பதில் வரும்வரை விடவில்லை.

இன்னும் சரிவராதவையும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு வீடியோ அழைப்பு அதில் ஒன்று. அந்தச் சின்னத் திரை முகத்தை மட்டும்தான் காட்டும், அப்பாவிடம் இல்லாததும் அதுதான். போனைத் தள்ளி வைத்துக் கையும் நாற்காலியும் தெரிகிற மாதிரி பிடித்துப் பார்க்கிறோம். நேரமும் முக்கியம். டோபமைன் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். பருப்பு, பால், முட்டையோடு சேர்த்துப் போட்டால் சரியாக ஏறாது. ஏறிய பிறகு கொஞ்ச நேரம் முகமும் குரலும் இளகியிருக்கும், அடுத்த வேளை நெருங்கும்போது திரும்ப இறுகும். எந்த நேரம் நன்றாக இருக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மருத்துவருக்கும் அது உதவும். எங்கள் வீட்டில் அது காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. தம்பிக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிடுகிறான்.